செம்பாக்கத்துக்கு ஓர் ஓடிபி தேடி

ஒருவருடைய மருத்துவக் குறிப்பு ஒரு மருத்துவமனையிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இன்னொன்றுக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகும்? எனக்குத் தெரியாது. போன வியாழக்கிழமை அரைநாள் அலைந்த பிறகும் தெரியவில்லை. இதே வேலையாகக் கிளம்பப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

அம்மாவைக் குரோம்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். மறுநாள் காலை பித்தப்பை அறுவை சிகிச்சை. போன வருடம் தாம்பரத்தில், வேறொரு மருத்துவமனையில், குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை செய்தபோது ஏதோ ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாமல் அவளுக்கு மூச்சு நின்று வந்தது. "எந்த மருந்துன்னு தெரியாம நான் மயக்கம் குடுக்க மாட்டேன் மேடம்" என்றார் மயக்க மருத்துவர். நியாயம்தான்.

மதியம் 1.40க்கு மின்ரயில். தாம்பரத்துக்கு ஐந்து ரூபாய், பத்து நிமிடம். அன்று ஒழுங்காக நடந்தது இது ஒன்றுதான்.

தாம்பரம் மருத்துவமனையின் ரெக்கார்டு ரூமில் இருந்த பெண் நாற்காலியை விட்டு எழவில்லை. "எல்லாம் டிஜிட்டல் ஆயிடுச்சு மேடம். கவர்ன்மென்ட் ஹெல்த் ஐடில ஏத்தியாச்சு. ஓடிபி வரும், சொல்லுங்க. அந்த ஆஸ்பிட்டலுக்கே அனுப்பிடறேன்."

என் போனுக்கு வரவில்லை. அம்மாவைக் கூப்பிட்டேன், அவளுக்கும் வரவில்லை. "அது பாஸ்கருக்குப் போயிருக்கும்டி. தெருவுல ஹெல்த் ஐடிக்கு கேம்ப் போட்டப்ப எங்க எல்லாருக்கும் அவன் நம்பரைத்தான் போட்டான்."

பாஸ்கர், செம்பாக்கத்தில் அம்மா இருக்கும் தெருவின் நலச்சங்கச் செயலாளர். தண்ணீர் லாரி, கேஸ், எதற்கானாலும் அங்கே வயதானவர்கள் கொடுப்பது அவர் எண்ணைத்தான். உபகாரி. அவரைப் போனில் பிடித்தேன்.

"ஓடிபியை யாருக்கும் சொல்லாதீங்கன்னு கவர்ன்மென்ட்டே சொல்லுது மேடம். நீங்க அவங்க பொண்ணுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அம்மா பேசிப் பார்த்தாள். அதற்கும் மசியவில்லை. இப்போதெல்லாம் குரலையே காப்பி அடிக்கிறார்களாம், பெண்ணை நேரில் வரச்சொல்லுங்கள் என்றாராம். அரசு சொன்னதை அப்படியே கேட்கும் ஒரே குடிமகன் என் வழியில்தான் வந்து நிற்க வேண்டுமா?

செம்பாக்கத்துக்கு ஆட்டோ, நூற்று எண்பது ரூபாய். கேம்ப் ரோடு சிக்னலில் நின்றபோது ஓட்டுநரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னாக்கா, ஒரு மெசேஜ் பாக்கவா இம்மாந்தூரம்? நம்ம வூட்ல ரேஷனுக்கே இந்தப் பேஜார் கீது."

பாஸ்கர் என் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தார். அதில் அப்பா பெயர்தான் இருந்தது. அட்டையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "மூக்கு அப்படியே உங்கம்மாதான்" என்று போனை நீட்டினார். பயோமெட்ரிக் முடிந்தது.

ரெக்கார்டு ரூமுக்குப் போன் செய்து, புதிதாக ஓர் எண் வரவைத்து, வாசித்தேன். "போயிடுச்சு மேடம்."

அஸ்தினாபுரம் வழியாகக் குரோம்பேட்டை திரும்பினேன். பள்ளி விடும் நேரம். நான்கு கிலோமீட்டருக்கு நாற்பது நிமிடம். மயக்க மருத்துவர் கணினியைத் திறந்தார். ஒரே ஒரு பக்கம், பக்கவாட்டில் படமெடுத்தது. அம்மாவின் பெயர், வயது, படுக்கை எண். கோப்பின் அட்டை.

"இவ்வளவுதான் ஏத்தியிருக்காங்க" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

திட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். குழாய் போட்டிருக்கிறார்கள், தண்ணீர் விடுவது யார் வேலை என்று முடிவாகவில்லை, அவ்வளவுதான். போகிறவர்கள், உங்கள் வீட்டுப் பெரியவர்களின் ஹெல்த் ஐடியில் யாருடைய எண் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைக் காகிதத்தில் கேட்டு வாங்குங்கள், சண்டை போட்டாவது. மூன்று மணிக்கு மேல் அஸ்தினாபுரம் சாலை வேண்டாம்.

மறுநாள் நடந்தது இது. காலை ஏழு மணிக்கு மயக்க மருத்துவர், தன்னோடு படித்து இப்போது அந்தத் தாம்பரம் மருத்துவமனையில் இருக்கும் ஒருவரைப் போனில் கூப்பிட்டார். அங்கே ரெக்கார்டு ரூம் அலமாரியிலிருந்து காகிதக் கோப்பை எடுத்து, மருந்தின் பெயரை வாசித்தார்கள். அதை அம்மாவின் மணிக்கட்டுப் பட்டையில் எழுதினார்கள். வேறு மருந்து கொடுத்தார்கள். பத்தரைக்கெல்லாம் முடிந்துவிட்டது, நல்லபடியாக.

சாயங்காலம் ஒரு பெண் டேப்லெட்டோடு வந்தாள். "பாட்டி, உங்க ரெக்கார்டை ஹெல்த் ஐடியோட இணைக்கணும். மொபைல் நம்பர் சொல்லுங்க."

நான் வாய் திறப்பதற்குள், மயக்கம் முழுதாகத் தெளியாத அம்மா, பாஸ்கருடைய எண்ணைப் பத்து இலக்கமும் பிசகாமல் சொன்னாள்.