ஊசி ஆடுது

சண்டைக்குப் பயந்து வீட்டு வளவுக்குள் பதுங்குவதற்கு வெட்டிய பங்கருக்குள் இருந்துகொண்டு, பூமியின் வயிற்றுக்குள் என்ன கிடக்கிறதென்று பார்க்க வெளிக்கிட்ட ஆள் நான். இதைச் சொன்னால் இப்போதும் ஆட்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த நாளில் எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம் பற்றிக்கொண்டுதான் வந்தது.

பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்தேன். கடைசி வருடம். கடைசி வருடம் என்று பெயர்தான். மூடுவதும் திறப்பதும் திரும்ப மூடுவதுமாக எங்கள் தொகுதி மாணவர் எல்லாரும் நின்ற இடத்திலேயே நின்றோம். சிறப்புப் பட்டம் வேண்டுமென்றால் ஒரு ஆய்வு செய்ய வேண்டும். ஆய்வு சரிவராவிட்டால் சாதாரணப் பட்டத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான், மேலே படிக்கிற கதையே இல்லை. கூடப் படித்தவர்கள் கெட்டித்தனமாக ஆய்வுகூடத்துக்குள் முடிகிற வேலையாகப் பார்த்து எடுத்தார்கள். நான் நிலநடுக்க அலையைப் பிடித்துக்கொண்டேன். ஒருத்தரும் வற்புறுத்தவில்லை. என்னுடைய ஆசைதான், வேறு யாரைக் குறை சொல்ல?

விஷயம் பெரிய மந்திரமில்லை. பூமியை வெட்டி உள்ளே பார்க்க ஒருவராலும் முடியாது. ஆனால் எங்கேயாவது பெரிதாக நிலம் நடுங்கினால் அந்த அதிர்வு பூமிக்குள்ளால் புகுந்து தூர தேசங்களில் போய் வெளிப்படும். தேங்காய் வாங்கும்போது சுண்டிப் பார்த்து, காதடியில் ஆட்டிப் பார்த்து உள்ளே எப்படியென்று சொல்கிறோமே, அதே வேலைதான். முதலில் ஒரு அலை வேகமாக வரும். பின்னால் இன்னொன்று, பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு, மெல்ல ஆறுதலாக வரும். இந்த இரண்டாவது அலைக்கு ஒரு குணம் இருக்கிறது, உருகித் தண்ணீராய்க் கிடக்கிற ஒன்றுக்குள்ளால் அது போகாது. அது எங்கெங்கே வந்து சேரவில்லை என்று பார்த்துத்தான் பூமியின் நடுவில் உருகிய உருண்டை ஒன்று இருக்கிறதென்று கண்டுபிடித்தார்கள். வராமல் போனதை வைத்து உள்ளே இருப்பதைச் சொன்ன அந்தக் கதைதான் என்னை மயக்கியது.

என் விரிவுரையாளர் நல்ல மனிசன். நடு உருண்டை வரைக்கும் போக வேண்டாம் என்றார். இரண்டு அலைக்கும் நடுவே உள்ள நேரத்தை அளந்தால், சில நூறு கிலோமீற்றர் ஆழத்தில் பூமி எப்படி இருக்கிறதென்று கணக்குப் போடலாம், அது போதும் என்றார். “இரண்டு அலையும் தெளிவா விழுந்த ஒரேயொரு பதிவு கொண்டு வாரும். மிச்சத்தை நான் பார்க்கிறன்.”

ஒரேயொரு பதிவு. கேட்க எவ்வளவு இலேசாக இருந்தது!

கருவி கேட்டால் பல்கலைக்கழகத்தில் இல்லை. வாவியைத் தாண்டி, மேற்குப் பக்கம் படுவான்கரையில் எங்கள் வீடு. துறையில் தோணிக்கு நிற்கிற இடத்தில் ஆமியின் சோதனைச் சாவடி, அதில் டோர்ச் பற்றரி ஒன்றுகூடத் தாண்டாது. ஆகவே மின்சாரம் இல்லாத பழைய முறையில் நானே செய்தேன். அப்பா வாவியில் மீன்பிடிக்கிறவர். தன் கிழிந்த வலைகளில் இருந்த ஈயத்தையெல்லாம் கழற்றி உருக்கி ஒரு குண்டு வார்த்துத் தந்தார். அந்தக் குண்டை ஒரு சட்டத்தில் கதவு மாதிரித் தொங்கவிட்டேன். நிலம் அசைந்தால் குண்டு அசையாமல் நிற்கும், அதோடு பொருத்திய ஊசி அந்த வித்தியாசத்தைக் கீறும். கீறுவதற்குப் பால்மாத் தகரப் பேணி ஒன்றில் சுற்றிய கடதாசி, குப்பி விளக்கில் பிடித்துக் கரியேற்றியது. பேணியைச் சுற்றுவதற்குச் சுவர் மணிக்கூடு. மண்ணெண்ணெய் கிடைக்காத காலத்தில் கடதாசி கறுப்பாக்க விளக்கு எரித்தேனென்று அம்மாவிடம் வாங்கிய பேச்சைத் தனியாக ஒரு புத்தகமாய் எழுதலாம்.

இனி அதை எங்கே வைப்பது? காற்று படக்கூடாது, வெயில் படக்கூடாது, கால் படக்கூடாது. நிலத்துக்குக் கீழே, ஒருவரும் நடமாடாத இடம் வேண்டும். எங்கள் வளவில் அப்படி ஒரே இடம்தான் இருந்தது. தென்னங்குற்றி அடுக்கி, உரப்பையில் மண் நிரப்பி மூடிய பங்கர். எங்கள் வீட்டாரும் ஒழுங்கையில் உள்ள நாலைந்து வீட்டாரும் ஆமியின் பீரங்கிச் செல்லடிக்கு ஓடி வந்து இறங்குவது அதற்குள்தான்.

“மனிசருக்கே கால் வைக்க இடமில்ல, ஈயக்குண்டுக்குப் பங்கரா?” என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றா. அப்பாதான் ஒரு மூலையைப் பலகை அடித்து ஒதுக்கித் தந்தார்.

அதற்குப் பிறகு தொடங்கியது என் கேடுகாலம். பூமியின் ஆழத்தைக் கேட்கக் காதை வைத்த எனக்கு ஊர்ச் சத்தம் முழுவதும் வந்து விழுந்தது. பக்கத்து வளவு மாமி உரலில் மா இடித்தால் ஊசி ஆடியது. ஆட்டுக்குட்டி துள்ளினால் ஆடியது. உழவு இயந்திரம் போனால், ஆமிக்காரரின் ட்ரக் வரிசை போனால், ஹெலி தாழப் பறந்தால், எல்லாவற்றுக்கும் ஆடியது. ஒவ்வொரு நாளும் காலையில் பழைய கடதாசியைக் கழற்றுவேன். வெள்ளைக் கீறல்களைப் பார்ப்பேன். கிழித்து அடுப்பில் போடுவேன். திரும்பக் கரி பிடிப்பேன். உலகத்தில் எங்கெங்கோ நிலம் நடுங்கியதை, சைக்கிள் டைனமோவைச் சுற்றிக் கேட்கிற வானொலி சொல்லும், என் கடதாசியில் மாமியின் உலக்கைதான் இருக்கும்.

இதெல்லாம் பரவாயில்லை. பெரிய இடைஞ்சல் அம்மாவாலேயே வந்தது.

ஆமி முகாமில் இருந்து செல் அடித்தால் அதன் அதிர்வு நிலத்துக்குள்ளால் சத்தத்துக்கு முந்தி வந்துவிடும். கல்லுக்குள்ளும் மண்ணுக்குள்ளும் அலை காற்றைவிட வேகமாகப் போகும் என்பதை நான் புத்தகத்தில் படித்தேன். அம்மா சுளகோடு பங்கர் வாசலில் இருந்து அரிசி புடைத்த ஒரு நாளில் கண்ணால் கண்டா. ஊசி நடுங்கியது, பிறகு ‘டும்’ என்று கேட்டது, அதற்கும் பிறகுதான் செல் வந்து விழுந்தது. அம்மாவுக்கு அது போதும். அன்றிலிருந்து அரிசி புடைப்பது, கீரை ஆய்வது, பாய்க்கு ஓலை கிழிப்பது எல்லாம் பங்கர் வாசலில்தான். ஊசி ஆடினால் சட்டி மூடியைத் தட்டிக்கொண்டு “ஊசி ஆடுது!” என்று ஒரு கூவல். ஒழுங்கை முழுக்க ஓடி வந்து என் கருவிக்குப் பக்கத்தில் தொம் தொம்மென்று குதிக்கும்.

எவ்வளவு கத்தியிருப்பேன்! உலக்கைக்கும் ஓடினார்கள், உழவு இயந்திரத்துக்கும் ஓடினார்கள். ஆனால் ஒரு தரம் அம்மாவின் கூவலுக்கு மாமி வீட்டார் ஓடி வந்து இறங்க, அவர்களின் குசினிக்கு மேலேயே செல் விழுந்தது. அடுப்பில் கறி வைத்தபடி வந்திருந்தா மாமி. கறியும் இல்லை, அடுப்பும் இல்லை. அதற்குப் பிறகு நான் எந்த முகத்தோடு ‘ஊசியைப் பார்க்காதீர்கள்’ என்று சொல்வது? வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள்ளே வெந்தேன்.

இப்படி ஓடுகிற நேரமெல்லாம் அப்பா மட்டும் கடைசியாகத்தான் வருவார். ஆடுகளை அவிழ்த்துவிட வேண்டும், வளவு வாசலில் உள்ள மரக் கடப்பைச் சாத்த வேண்டும், அதற்குப் பிறகுதான் பங்கர். “செல்லுக்குக் கடப்பைச் சாத்தி வைக்கிறாராம்,” என்று அம்மா ஒவ்வொரு முறையும் ஏசுவா. அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

ஆய்வு கொடுக்க வேண்டிய தவணை கிட்ட வந்துவிட்டது. கையில் உருப்படியாக ஒன்றுமில்லை. ஒரு காலை, மாமியும் உரலை மறந்து, ஒழுங்கையே ஆச்சரியமாக அமைதியாக இருந்தது. நான் பங்கருக்குள் ஊசிக்கு முன்னால் குந்தியிருந்தேன். ஊசி மெல்ல நடுங்கத் தொடங்கியது. ட்ரக் நடுக்கம் இல்லை, செல் நடுக்கமும் இல்லை. ஒரு சீராக, அடங்காமல், நீண்டுகொண்டே போனது. முதல் அலை! எங்கேயோ தொலைவில் பெரிய நிலநடுக்கம். இன்னும் சில நிமிடத்தில் இரண்டாவது அலை வரும். அந்தச் சில நிமிடம் ஒருவரும் அசையாமல் இருந்தால் என் பட்டம் என் கையில்.

“ஊசி ஆடுது!”

வாசலில் அம்மா. சட்டி மூடி அலறியது. நான் பாய்ந்து ஏறி வாசலில் இரண்டு கையையும் விரித்து மறித்தேன். “இது செல் இல்ல, ஒருத்தரும் வராதிங்க! எங்கயோ பூமி அதிருது!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பூமி அதிருது என்று கேட்டதும் நடந்து வந்தவர்களும் ஓடி வந்தார்கள்.

“செல்லெண்டாலும் பூமிதான் புள்ள அதிரும். தள்ளு அங்கால,” என்று என்னைப் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு அம்மா இறங்கினா. அவவுக்குப் பின்னால் மாமி, மாமியின் பிள்ளைகள், ஒழுங்கை முழுவதும். எல்லாருக்கும் கடைசியில் அப்பா, ஆட்டையும் கடப்பையும் பார்த்துவிட்டு வந்து தொப்பென்று குதித்தார்.

எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சத்தத்துக்குக் காத்திருந்தார்கள். சத்தம் வரவில்லை. கடலுக்கு அங்கால நடுங்கியதற்கு எங்கே இருந்து சத்தம் வரும்? ஆனால் எங்கள் ஊரில் அதிர்வுக்குப் பின்னால் சத்தம் வந்தே ஆக வேண்டும். வரவில்லை என்றால் அது இன்னும் பெரிதாக ஏதோ வரப்போகிறது என்றுதான் அர்த்தம். ஆகவே ஒருவரும் வெளியே போகவில்லை. நெருக்கியடித்துக்கொண்டு, பிள்ளைகள் கால் மாற, மாமி தேவாரம் முணுமுணுக்க, எவ்வளவோ நேரம் இருந்தார்கள். அவர்களின் காலுக்குக் கீழே இரண்டாவது அலை வந்தது, போனது. ஒருவருக்கும் தெரியாது. என் ஊசிக்கும் தெரியாது, அது பிள்ளைகளின் காலைக் கீறிக்கொண்டிருந்தது. நான் ஒரு மூலையில் இருந்து அழுதேன். செல்லுக்குப் பயந்து அழுகிறேனென்று நினைத்து மாமி என் தலையைத் தடவினா. அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது.

சுமத்திராப் பக்கம் நடுங்கியதென்று பின்னேரம் வானொலி சொன்னது. அம்மா அதைக் கேட்டுவிட்டு, “நல்லகாலம், இஞ்ச இல்ல,” என்றா.

கரி அழியாமல் கடதாசிக்கு வார்னிஷ் பூசி விரிவுரையாளரிடம் கொண்டுபோனேன். முதல் அலையைப் பார்த்ததும் அவருடைய கண் விரிந்தது. அப்படியே விரலை வலப்பக்கம் நகர்த்தினார். “இதென்ன இது?” என்று கேட்டார். எங்கள் ஒழுங்கை ஆட்கள் என்றேன். சிரிப்பாரென்று நினைத்தேன், சிரிக்கவில்லை. இரண்டாவது அலை இல்லாமல் கணக்கு இல்லை, கணக்கு இல்லாமல் ஆய்வு இல்லை என்று மிகவும் மெதுவாகச் சொன்னார். எனக்குச் சாதாரணப் பட்டம்தான் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போனேன். இன்று வரைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது, அதை மறைக்க மாட்டேன்.

அடுத்த மாரி மழைக்காலத்தில், மீன்பிடியோடு கரடியனாற்றுப் பக்கம் வயல்வட்டையில் செய்த வயலைப் பார்த்து வருகிறேனென்று போன அப்பா திரும்பி வரவில்லை. ஆமி பிடித்தது என்றார்கள், வெடி கேட்டது என்றார்கள், வேறு முகாமில் கண்டதாக ஒருவர் சொன்னார். அம்மா ஏறி இறங்காத வாசல் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே பதில், எங்களுக்குத் தெரியாது. ஒரு முறை களைத்துப்போய் வந்து என்னைப் பார்த்துக் கேட்டா, பூமிக்கு அடியில் கிடக்கிறதையெல்லாம் சொல்லப் படித்தாயே, இந்த ஊருக்குள் ஒரு மனிசன் எங்கேயென்று சொல்ல ஏலாதா என்று. எனக்கு அம்மாவில் கோபம் வந்தது. படிப்பில் இன்னும் கூடக் கோபம் வந்தது.

வருடங்கள் போய் ஒரு பின்னேரம், அந்தக் கடதாசி இருக்கிறதா என்று அம்மா கேட்டா. பெட்டிக்குள் இருந்து எடுத்து விரித்தேன். அதிகநேரம் பார்த்துக்கொண்டிருந்தா.

“இதுல அவர் எது, புள்ள?”

முதல் அலையின் மெல்லிய நடுக்கம் முடிந்து, குதிப்புகள் தொடங்கும் இடத்தைக் காட்டினேன். இது நீங்கள், இது மாமி, இதெல்லாம் பிள்ளைகள். பிறகு கொஞ்சம் இடைவெளி. அதற்குப் பிறகு தனியாக நிமிர்ந்து நின்ற ஒரு கீறலைக் காட்டினேன்.

தொட்டால் கரி அழியுமா என்று கேட்டா. வார்னிஷ் அடித்தது, அழியாது என்றேன். அம்மா அந்தக் கீறலில் விரலை வைத்தா.

“கடைசியாத்தான் வருவார்,” என்றா. “எல்லாரும் வந்த பிறகுதான்.”

பொழுது பட்டுவிட்டது. கடப்பைச் சாத்துவதற்கு நான் எழும்பினேன். நீ சாத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அம்மா விளக்கு வைக்கப் போனா.