காவலாளியிடம் இருந்த என் ஐசி

சீருடைக்காரர் யார் வந்தாலும் எழுந்து நிற்பது எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பழக்கம். அன்று மதியம் பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைக்குள் குடிநுழைவு அதிகாரிகள் வெளிநாட்டவரின் பத்திரங்களைச் சோதிக்க நுழைந்தபோதும் எழுந்துவிட்டேன், கையில் ரசம் சோற்றோடு. மற்ற யாரும் இலையை விட்டுத் தலை நிமிரவில்லை.

"என்னாண்ணே, ஓடப் போறீங்களா? அப்பளம் இப்பதான்லா வருது," என்றார் பக்கத்து இலைக்காரர்.

ஓர் அதிகாரி நேராக என்னிடம் வந்து அடையாள அட்டையான ஐசியைக் கேட்டார். பரிமாறிக்கொண்டிருந்த தமிழ்நாட்டுக்காரர் தன் வேலை பெர்மிட்டைக் காட்டிவிட்டுச் சாம்பார் வாளியோடு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். இதே நாட்டில், கிள்ளானில் பிறந்த என்னிடம்தான் ஒன்றும் இல்லை.

நான் குழாய் வேலை செய்பவன். கொண்டோ அடுக்குமாடிகளுக்குள் வேலைக்குப் போனால் வாசலில் ஐசியை வாங்கி வைத்துக்கொண்டு, கழுத்தில் மாட்ட ஒரு வருகையாளர் அட்டை தருவார்கள். திருப்பிக் கொடுத்தால்தான் ஐசி. அன்று கடைக்கு எதிரே இருந்த கொண்டோவில் வேலை. தண்ணீர் படக்கூடாதென்று அந்த அட்டையை எட்டாம் மாடிச் சமையலறை ஆணியில் மாட்டிவிட்டுச் சாப்பிட வந்திருந்தேன்.

இதையெல்லாம் மலாயில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பயத்தில் 'எதிரே, காவலாளி' என்ற இரண்டு சொற்கள்தான் வந்தன. போய்ப் பார்ப்போம், அங்கே இல்லையென்றால் பிடிபட்டவர்களை ஏற்றும் லோரியில் ஏற வேண்டியதுதான் என்றார் அதிகாரி. கை கழுவ அனுமதி கேட்கக் கூச்சமாக இருந்தது. அப்படியே சாலையைக் கடந்தேன்.

வாசல் காவலாளி நேப்பாளி. என்னைப் பார்த்துச் சிரித்தார். தெரிந்த ஆள்தான், ஐசியும் இருக்கிறது, ஆனால் அட்டை வராமல் பெட்டியைத் திறக்க மாட்டேன், அது விதி என்றார். அட்டையை எடுக்க நானே இவரை மேலே கூட்டிப் போகிறேன் என்றார் அதிகாரி.

"போங்க பாஸ். உங்க ஐசிய வச்சிட்டுப் போங்க," என்றார் காவலாளி, மலாயில்.

அதிகாரி கேட்காமலேயே தன் பெர்மிட்டை மேசைமேல் எடுத்து வைத்திருந்தார். பக்கத்தில் பதிவுப் புத்தகமும் பேனாவும். சோதிக்க வந்தவர் தன் ஐசியைக் கொடுத்து, பெயரும் நேரமும் எழுதி, அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

எட்டாம் மாடி வீட்டுக்கார ஆன்டி கதவைத் திறந்தார். "தண்ணிய நிப்பாட்டிட்டு எங்க போனீங்க? பரவால்ல, துணைக்கு ஆள் கூட்டிட்டு வந்துட்டீங்க."

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. மரியாதையாகத் தலையாட்டினார். நானும் திருத்தவில்லை.

ஆணியில் இருந்த என் அட்டையை எடுத்துக்கொண்டு கீழே வந்தோம். இருவரும் அட்டையைக் கொடுத்து, இருவரும் ஐசியை வாங்கினோம். அதிகாரி என்னுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தந்தார். அதைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானும் போட்டேன். அப்போதுதான் மேலே குழாய் கழற்றியபடி கிடப்பது நினைவுக்கு வந்தது. காவலாளி ஏற்கெனவே ஐசிக்காகக் கையை நீட்டியிருந்தார்.

பொத்தானைக் கழற்றினேன். எதிரே கடையில் என் இலையை இன்னும் எடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் மறுபடியும் ஐசி இல்லாமல் அதைப் போய்ப் பார்க்கிற துணிவு எனக்கு இல்லை.