மரக்காணம் போகும் வழியில் ஒரு ஜன்னல்

மரக்காணம் கடற்கரையில் மூன்று நாள் இருந்துவிட்டு வரவேண்டும் என்பது நானும் என் தோழியும் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த காலத்திலேயே பேசி வைத்தது. நான் சென்னையில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். அங்கே சேர்ந்தாற்போல் லீவு கேட்டால் முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். எப்படியோ வாங்கிவிட்டேன். அலையில் இறங்க ஒரு பழைய சுடிதார், வெயிலுக்கு அகலமாக ஒரு புதுத் தொப்பி எல்லாம் எடுத்துப் பையில் வைத்த பிறகு அவளிடமிருந்து போன் வந்தது.

"நீ நேரா செஞ்சிக்கு வந்துடுடி. வூட்ல கொஞ்சம் வேலை பாக்கி இருக்குது. அரை நாள்தான். முடிச்சிட்டு ரெண்டு பேரும் இங்கேர்ந்தே பஸ் ஏறிடலாம்."

வீட்டு வேலையைப் பற்றி அரை நாள் என்று யார் சொன்னாலும் நம்பக்கூடாது. தெரிந்தும் போனேன்.

அவள் செஞ்சியில் வாழ்க்கைப்பட்டவள். கோட்டை மலைக்குக் கீழே வீடு. புருஷன் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுபவர். அறுவடைக் காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் போனால் திரும்ப நாளாகும். நான் போனபோதும் அவர் ஊரில் இல்லை. பாக்கி வேலை என்று அவள் சொன்னது பின்பக்க அறை. கொத்தனார் சுவர் விரிசலைப் பூசிவிட்டுப் போயிருந்தார். துருப்பிடித்த ஜன்னல் கம்பியைக் கழற்றி வெல்டிங் பட்டறைக்கு அனுப்பியாகிவிட்டது. சுவரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடிக்க வேண்டும். அதற்குத்தான் நான்.

அந்த அறையை எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் இளமஞ்சள் அடித்து, பிறக்கப்போகும் குழந்தைக்கு என்று ஒதுக்கி வைத்தார்கள். குழந்தை வரவில்லை. டாக்டர், கோவில், விரதம் எல்லாம் பார்த்தாயிற்று. அறை மட்டும் அப்படியே காலியாகக் கிடந்தது. இப்போது அவளுடைய மச்சாண்டார், அதாவது புருஷனின் அண்ணன் மகளுக்குத் திண்டிவனத்தில் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. இங்கிருந்து போய்வர வசதி. அறையை அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கப் போகிறார்கள்.

"குடுத்துடலாம்னு யார் சொன்னது?" என்றேன்.

"நான்தான். வேணாம்னு அவரு ஒரு வார்த்தை சொல்லுவாருன்னு பாத்தேன். 'சரி, குடுத்துடலாம்'னு சொல்லிட்டு சோத்தைப் பெசைய ஆரம்பிச்சிட்டாரு." அதைச் சொல்லும்போது சுவரை ஆள் மேல் கோபம் இருப்பதுபோல் தேய்த்தாள். "அவரு எப்பவோ ஆசைய வுட்டுட்டாரு போல. நான் மட்டும் இன்னாத்துக்கு இதைக் கட்டிக்கிட்டு அழணும்? இந்த ரூமை முடிச்சிக் குடுத்துட்டேன்னா எனக்கு நிம்மதி."

அவள் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு மாதமும் அவள் நாள் எண்ணி, ஏமாந்து, என்னிடம் போனில் அழுததைக் கேட்டுக் கேட்டு நான் நொந்துபோயிருந்தேன். அவள் இதிலிருந்து வெளியே வந்தால் போதும் என்றிருந்தது. அதனால் மூக்கில் துணி கட்டிக்கொண்டு நானும் தேய்த்தேன்.

உச்சிவேளைக்குள் இரண்டு சுவர் முடிந்துவிட்டது. சொன்னபடி அரை நாளில் கிளம்பிவிடுவோம் போலிருக்கிறதே என்று நான் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தேன். அவள் ஜன்னல் கதவைத் தேய்க்கப் போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இங்க வாயேன்."

ஜன்னல் சட்டத்தின் உள்மூலையில், கதவு வந்து பொருந்துகிற இடத்தில், கட்டைவிரல் அளவுக்கு ஈரமண். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு குளவி உள்ளே வந்தது. வாயில் கொண்டுவந்த மண்ணை அதன்மேல் வைத்து ரீங்காரத்தோடு பூசியது. கொத்தனாரைவிடச் சுறுசுறுப்பு. திரும்பிப் பறந்தது.

வீட்டுக்குள் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் குழந்தை பிறக்கும் என்று சொல்வார்கள். அதைக் கலைக்கக் கூடாது. இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் கையிலிருந்த உப்புத்தாளை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"இத்தினி வருஷத்துல இந்த வூட்ல ஒருவாட்டி கூட கட்டினதில்லடி" என்றாள்.

அதோடு வேலை நின்றது. பெயிண்ட் வாடை குளவிக்கு ஆகாதாம். சரி, வேலை கிடக்கட்டும், கடலுக்காவது போவோம் என்றால் அதற்கும் வழியில்லை. ஜன்னல் கதவைச் சாத்தினால் கூடு நசுங்கும். சாத்தாமல் போனால், கம்பி இல்லாத ஜன்னல். செஞ்சியில் குரங்குகளுக்கு அழைப்பிதழ் வைத்த மாதிரி. மலையிலிருந்து அவை தினமும் ஒரு ரவுண்டு வந்துவிட்டுத்தான் போகும். அன்று சாயங்காலமே ஒன்று உள்ளே குதித்து, என் பையை நோண்டி, புதுத் தொப்பியை எடுத்துக்கொண்டு பக்கத்து மாடியில் போய் உட்கார்ந்தது. கடல் பார்க்காத தொப்பியைக் கடித்துத் துப்பியது.

மறுநாள் முழுக்க ஆள் மாற்றி ஆள், காலி பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு, கையில் குச்சியோடு ஜன்னலுக்குக் காவல் இருந்தோம். வெளியே பாறை கொதித்தது. கரண்ட் போய்ப் போய் வந்தது. எனக்கு மூச்சு முட்டியது. மூன்று நாள் லீவும் ஒரு பூச்சிக்குக் காவலாகப் போகிறதே என்று ஆத்திரம். அதைவிட அவள் முகத்தைப் பார்க்கத்தான் ஆத்திரமாக வந்தது. முந்தின நாள் காலையில் நிம்மதி என்று சொன்ன முகத்தில் மறுபடியும் அந்தப் பழைய எதிர்பார்ப்பு வந்து குந்திக்கொண்டிருந்தது.

"ஏய், எத்தனை பேர் வீட்ல குளவி கட்டுது. எல்லார் வீட்லயும் புள்ளையா பொறக்குது?" என்று ஒருமுறை கேட்டேவிட்டேன்.

"எனக்குத் தெரியாதா இன்னா?" என்றாள். "தெரியும். ஆனா கலைக்க கை வரலியே. இன்னா பண்ணச் சொல்ற?"



மூன்றாம் நாள் பட்டறையிலிருந்து கம்பி வந்தது. அதைப் பொருத்தச் சட்டத்தில் டிரில் போட வேண்டும். சட்டம் அதிரும் என்று அவள் விடவில்லை. வந்த ஆள் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனான். மறுநாள் மச்சாண்டார் மகள் பெட்டியோடு வருகிறாள். அதற்குள் அறை முடிய வேண்டும் என்றால் கூட்டைத் தட்டத்தான் வேண்டும். "அவரு சாயங்காலம் வந்தா ஒரே தட்டுல தட்டிடுவாரு" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். பயந்து சொல்கிறாளா, தன்னால் முடியாததை அவராவது செய்து தொலைக்கட்டும் என்று சொல்கிறாளா, எனக்குப் புரியவில்லை.

வெயில் தாழ்ந்த நேரத்தில் அவர் வந்தார். வைக்கோல் தூசி சட்டையெல்லாம். பின்பக்க அறையை எட்டிப் பார்த்து, "வேலை இன்னும் முடியலியா?" என்றார். இவள் கையால் ஜன்னலைக் காட்டினாள். நான் சுவர் சுரண்டும் பட்டி பிளேடை அவர் கண்ணில் படாமல் காலால் தள்ளினேன். இரண்டு நாளாகக் கூட்டைத் தட்டிவிட மாட்டாளா என்று புழுங்கியவள் நான்தான். ஏன் தள்ளினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

அவர் கிட்டப் போய்க் குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். தொடப்போன விரலை இழுத்துக்கொண்டார்.

"செம்மண்ணு" என்றார். "செம்மண்ணுல கட்டினா பொண்ணுன்னு எங்க வூட்ல சொல்லுவாங்க."

பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டார். "அண்ணே, இங்க ரூம் வேலை ஆவல. எப்ப முடியும்னு தெரியல. பொண்ணை ஹாஸ்டல்லயே சேத்துடு... இல்லண்ணே, அதெல்லாம் ஒண்ணும் இல்ல." வைத்துவிட்டுத் திரும்பினார். என் தோழி வாசற்படியில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரூமைக் குடுத்துடலாம்னு சொன்னீங்களே."

"நீதானே கேட்ட. நீ வுட்டுட்டேன்னு நெனச்சேன். நீயே வுட்டப்புறம் நான் எப்டி வாயத் தொறக்கறது?"

அவள் அங்கேயே உட்கார்ந்து முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுதாள். என்னிடம் போனில் அழுகிற அழுகை இல்லை அது. இத்தனை வருஷமும் தான் மட்டும் தனியாகக் காத்திருப்பதாக நினைத்திருந்தவள். எனக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனால் அவள் ஒருத்தியாவது எப்படியோ வெளியே வந்துவிடுவாள் என்று நம்பியிருந்தேன். இனி இரண்டு பேரையும் யார் வெளியே கொண்டுவருவது?

அவர் குளிக்கக்கூடப் போகவில்லை. கவிழ்ந்து கிடந்த டப்பாவை ஜன்னலோரமாக இழுத்துப் போட்டு, என் கையிலிருந்த குச்சியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் போய்ச் சாப்டுங்கம்மா. குரங்கு வந்தா நான் பாத்துக்கறேன்."