அம்மன் வெள்ளியை மறுபடி உருக்கிய நாள்

தஞ்சாவூரில் தங்கம், வெள்ளிக்குத் தரம் பார்க்கும் டச் கடை வைத்திருக்கிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது கடைத்தெருவுக்கே தெரியும். அன்று கீழ்வேளூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள், மஞ்சள் பூசிப் பொட்டு வைத்த வெள்ளிக் கட்டியை மேசைமேல் வைத்ததுமே அது வந்துவிட்டது. தரம் பார்க்கும் முன்பே பூசை போட்டுவிட்டால் நான் உளியை எங்கே வைப்பது?

மாரியம்மனுக்குக் கவசம் செய்ய ஊர்ப்பெண்கள் கொடுத்த பழைய கொலுசுகளை உருக்கிய கட்டி அது. வீடு வீடாகப் போய் வாங்கியவர் நடவு வேலை செய்யும் ஓர் அம்மா. வாங்கிய கையோடு ஆசாரி ஒருவர் சோதித்து, இன்ன தரம் என்று சொல்லியிருக்கிறார். உருக்கும்வரை கொலுசுகள் அந்த அம்மா வீட்டில் இருந்தன. பிறகு வேறொரு கடையில் கட்டியின் மூலையை வெட்டிப் பார்த்தால் தரம் குறைவு. நல்லதை எடுத்துக்கொண்டு மட்டமானதை வைத்துவிட்டார் என்று ஊரே பேசியது. வேனில் கூடவே வந்த அந்த அம்மா என் கடை வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லி அவர்களில் யாரும் கூப்பிடவில்லை.

நான் எதிர் மூலையை வெட்டினேன், அங்கும் குறைவு. நடுவில் அடிவரை துளைத்தெடுத்த துகளில் கூடுதல். செம்பு கலந்த வெள்ளி அப்படித்தான், ஆறும்போது ஓரம் ஒரு தரம், நடு ஒரு தரம் ஆகிவிடும். மறுபடி உருக்கி, நன்றாகக் கிளறி, குழம்பாக இருக்கும்போதே உறிஞ்சியெடுத்துப் பார்த்தால்தான் சரியாகத் தெரியும் என்றேன்.

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்தானேங்க?" என்றார் கோயில் தலைவர்.

கிளறாத பானையில் மேலே அரிசி, அடியில் கஞ்சி என்று கத்தினேன். அவர் மசியவில்லை. பூசை போட்டதைத் திரும்ப நெருப்பில் போட்டால் ஊருக்கு ஆகாதாம். ஒரு பெண்பிள்ளையின் மானம் போனால் மட்டும் ஆகுமா?

வாசலில் நின்றவர்தான் சொன்னார்: "உருக்குங்க. அம்மன் கோவிச்சா அது என் தலையோட போகட்டும்."

உருக்கினோம். மூசையில் உருகியதைக் கிளறி, குழாயால் நடுவிலிருந்து உறிஞ்சியெடுத்தேன். ஆசாரி சொன்ன அதே தரம் வந்தது. தலைவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த அம்மாவைப் பார்த்து, நேரமாகிறது, வேனில் ஏறு என்றார்.

அவர் அசையவில்லை. "நான் எடுக்கலைன்னு வெள்ளி சொல்லிடுச்சு. நீங்க யாரும் இன்னும் சொல்லலையேங்க."

மற்றவர்கள் வேனில் ஏறினார்கள். கட்டியை ஏற்றிக்கொண்டு வேன் கிளம்பியது. அவர் என்னிடம் பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டார்.