எட்டாவது படி

இன்று பெரிய கோயிலில் என்னைப் பெண் பார்த்தார்கள். இந்தச் சம்பந்தம் முடிவானால் எம்.ஏ. படிப்பு பாதியில் நிற்கும் என்று அப்பா காலையிலேயே சொல்லிவிட்டார்.

மண்டபத்துப் படியில் உட்கார்ந்தோம்.

"என்னம்மா படிக்கிற?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"மனோதத்துவங்க. பொறந்ததுலேர்ந்து சாவுற வரைக்கும் மனுசன் எட்டுப் படி ஏறணும்னு பாடம்."

"நீ இப்ப எதுல நிக்கிற?"

"நான் யாருன்னு தெரிஞ்சுக்கிற படிங்க."

"அதுக்கு எதுக்குக் காலேஜி? எம் மருமவளா வந்தா தெரிஞ்சிட்டுப் போவுது."

மாப்பிள்ளை முதல்முறையாக வாய் திறந்தார். "அடுத்த படி?"

"இன்னொருத்தரோட சேர்ந்து வாழறதுங்க."

"இத முடிக்காம அதுல ஏறலாங்களா?"

"ஏறலாங்க. கால் ஆடும்."

யாரும் சிரிக்கவில்லை. அப்பா துண்டை முறுக்கினார். "ஊருக்குப் போயி லெட்டர் போடறோம்" என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்துவிட்டார்கள். வேண்டாம் என்பதை நம் ஊரில் இப்படித்தான் சொல்வார்கள்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் அப்பா கேட்டார்.

"அந்த எட்டாவது படி என்னா?"

"வயசான காலத்துல திரும்பிப் பாத்து, சரியாத்தான் வாழ்ந்தோம்னு நிம்மதியா இருக்கறதுப்பா."

"நீ கட்டிக்கினு போனாத்தான் நான் அதுல ஏற முடியும்."

ஒருவர் படியை இன்னொருவர் மறித்துக்கொண்டு நிற்பது பற்றி என் பாடத்தில் இல்லை. இதைப் படிக்கிற உங்கள் பாடத்தில் இருந்தால் எழுதுங்கள்.