மூன்றாவது சுழி

கல்லூரியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. ‘ஒற்றுப்பிழை’ என்றால்தான் ஆசிரியர்களுக்குக்கூடச் சட்டென்று தெரியும். அப்பா ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். முப்பது வருடமாக ஊரார் எழுதியதில் குற்றம் கண்டுபிடித்தே குடும்பம் நடத்திய மனிதர். தாயைப் போல பிள்ளை என்பார்கள். இங்கே கொஞ்சம் மாறிப் போய், அப்பாவின் கண் அப்படியே மகளுக்கு வந்துவிட்டது.

உணவகத்து விலைப்பட்டியலில் ‘சூடாண தேநீர்’ என்று இருந்தால் அவளுக்குத் தேநீர் தொண்டையில் இறங்காது. சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்திவிட்டுத்தான் குடிப்பாள். விடுதி அறிவிப்பு, பேருந்துப் பயணச்சீட்டு, துணி வெளுக்கும் கடை ரசீது, எதையும் விட்டதில்லை. ஒருமுறை துறைத்தலைவர் எழுதிய சுற்றறிக்கையிலேயே கை வைத்தாள். அதற்காக ஒரு மணி நேரம் வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். நின்ற நேரத்தில் கதவில் ஒட்டியிருந்த கால அட்டவணையைத் திருத்தினாள்.

திமிர் பிடித்தவள் என்றார்கள். அவள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். போட்டுக்கொண்டாள். வெளியே காட்டவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் ஆண்டு முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அன்று காலை வேதியியல் ஆய்வகத்தில் மேலங்கியை மாட்டிக்கொண்டு பையில் கையை விட்டவளுக்கு நான்காக மடித்த ஒரு தாள் தட்டுப்பட்டது. கணினியில் அடித்து அச்செடுத்தது. பெயரும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

“போன புதன்கிழமை இங்கே நீ பியூரெட் குழாயை உடைத்தாய். யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாய். பிறகு யாரும் கேட்காமலேயே போய், உடைத்தது நான்தான் என்று சொன்னாய். உன்னைத் திமிர் பிடித்தவள் என்கிறார்கள். திருத்தும்போது நீ எழுதியவரைப் பார்ப்பதே இல்லை. எழுத்தைத்தான் பார்க்கிறாய், அடிபட்ட குழந்தையைப் பார்ப்பது போல. மூன்று வருடமாகக் கவனித்து வருகிறேன். என் மணம் உன்னோடுதான். பெயர் போட்டால் மறுக்க உனக்குச் சங்கடமாக இருக்கும், அதனால் போடவில்லை. பதில் சொல்ல விருப்பம் இருந்தால் நீயே கண்டுபிடித்துவிடுவாய்.”

முதல் தடவை படித்தபோது காது சூடாகிவிட்டது. இரண்டாம் தடவை கண் கலங்கியது. மூன்றாம் தடவை கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடியது. அந்த ஒரு சொல்லில் போய் நின்றுவிட்டாள். மனம் என்று எழுத வேண்டிய இடத்தில் மூன்று சுழி போட்டு மணம் என்று எழுதியிருக்கிறான். இவன் வாசனை என்னோடு வந்து என்ன செய்யப் போகிறது என்று யோசித்தாள்.

விடுதியில் அவளுடைய அறைத்தோழி தலையணையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டாள். உலகம் அழிந்தாலும் ஒரு தூக்கம் போட்டுவிட்டு என்னவென்று விசாரிக்கிற ரகம் அவள். அன்று எழுந்தே உட்கார்ந்துவிட்டாள்.

“ஒருத்தன் உருகி உருகி எழுதியிருக்கான். நீ அதுல உக்காந்து சுழி எண்ணிட்டு இருக்கே.”

“சுழிதான்டி ஒரே துப்பு. இவனுக்கு ரெண்டு சுழிக்கும் மூணு சுழிக்கும் வித்தியாசம் தெரியல. அதை வெச்சே பிடிச்சிடுவேன்.”

“பிடிச்சு?”

“பதில் சொல்லுவேன்.”

“என்ன பதில்?”

“அதை அவன்கிட்டதான் சொல்லுவேன். உன்கிட்ட எதுக்கு?”

கடைசிப் பரீட்சை முடிந்தால் ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள். அதற்கப்புறம் எங்கே போய்த் தேடுவது? மூன்று வருடத்தில் அவளைப் பார்த்துச் சிரித்தவர்கள் நூறு பேர். அவளைச் சரியாகப் பார்த்தவன் இவன் ஒருவன். முகம் தெரியாத அந்த ஆளை அவளுக்கு ஏற்கெனவே பிடித்துப் போய்விட்டது. சுழி தெரியாவிட்டால் என்ன, கற்றுக்கொடுத்துவிடலாம். அவனைக் கண்டுபிடிக்காமல் பெட்டியைக் கட்டுவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். அவள் முடிவு செய்தால் செய்ததுதான்.

பியூரெட் உடைந்த புதன்கிழமை ஆய்வகத்தில் இருந்த ஆண்கள் இருபத்து நான்கு பேர். எல்லோரும் அவள் வகுப்புதான். பட்டியல் போட்டாள். போட்ட கையோடு ஒரு பெயரை அடித்தாள். அது ‘பலகை’.

கல்லூரி நுழைவாயிலில் ஒரு பெரிய கரும்பலகை உண்டு. தினமும் காலையில் அதில் அறிவிப்பு எழுதுவது அவன் வேலை. அதனால் அந்தப் பெயர். முத்து முத்தான கையெழுத்து. கல்லூரியிலேயே அவளுடைய கண்ணுக்கு வேலையில்லாத இடம் அந்தப் பலகை ஒன்றுதான். முதலாண்டிலேயே அவனிடம் போய், “இந்தக் காலேஜ்ல பிழையில்லாம எழுதறவன் நீ ஒருத்தன்தான்” என்று சொல்லியிருக்கிறாள். அவன் தலையை ஆட்டிவிட்டுச் சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மனத்தை மணம் என்று எழுதுகிறவன் அவனாக இருக்க முடியாது.

மீதி இருபத்து மூன்று பேரையும் அந்த ஒரு சொல்லை எழுத வைக்க வேண்டும். பிரிவு விழாவுக்கு நினைவு மலர் போடுகிறோம் என்று ஒரு கதையைக் கட்டினாள். கட்டிய பிறகு அது கதையாக இருக்கக் கூடாது என்று தோன்றி, துறைத்தலைவரிடம் போய் உண்மையிலேயே அனுமதி வாங்கிவிட்டாள். சுற்றறிக்கைக் கோபம் ஆறியிராத மனிதர், இவளே பிழை திருத்துவாள் என்றதும் ஒப்புக்கொண்டார்.

“மலர் பத்தி போர்டுல எழுதிடட்டுமா?” என்று பலகை வந்து கேட்டான்.

“வேண்டாம். வகுப்புல வாயால சொன்னாப் போதும்.”

“ஏன்?”

“நீ எழுதினா எல்லாரும் அதைப் பார்த்துச் சரியா எழுதிடுவாங்க.”

அவன் ஏதோ சொல்ல வந்தான். அவள் அதற்குள் படியேறிவிட்டாள்.

அறைத்தோழி வகுப்பின் முன்னால் நின்று கொட்டாவியை அடக்கிக்கொண்டு அறிவித்தாள். “‘என் மனம் மறவாத நாள்’னு தலைப்பு போட்டு எல்லாரும் நாலு வரி எழுதிக் குடுங்க.” அவள் வாயில் இரண்டு சுழியும் மூன்று சுழியும் ஒன்றாகத்தான் வரும். அதற்காகவே அவளைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

மறுநாள் மாலை கட்டில் முழுக்கத் தாள் பரப்பினார்கள். இரண்டு பேர் ஆங்கிலத்தில் எழுதித் தப்பித்துக்கொண்டார்கள். ஒருவன் ‘என் மானம் மறவாத நாள்’ என்று எழுதியிருந்தான். அவனுக்கு அன்று என்ன நடந்ததோ. பதினான்கு பேர் சரியாக எழுதியிருந்தார்கள். ஆறு பேர் மணம்.

“ஆறு பேரு. பரீட்சைக்குப் படிக்க வேண்டாமா?” என்றாள் அறைத்தோழி.

“ஒரு நாளைக்கு ஒருத்தன்னு பார்த்தாலும் ஆறு நாள்தான்.”

பரீட்சைகளுக்கு நடுவே தினம் ஒருவனைப் பிடித்தாள். முதலாமவன், புதன்கிழமை என்று அவள் ஆரம்பித்ததுமே, “பியூரெட்டை நான் தொடவே இல்ல” என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான். இரண்டாமவன், கேள்வித்தாள் கசிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அவளை ஓரமாக இழுத்துப் போனான். மூன்றாமவன் பக்கத்தில் அவனுடைய காதலி நின்றிருந்தாள். அந்தப் பேச்சு அரை நிமிடத்தில் முடிந்தது. நான்காமவனும் ஐந்தாமவனும் கடிதம் என்றால் என்ன என்று கேட்டார்கள்.

ஆறாமவன் வாய்ப்பந்தல் போடுவதில் பேர்போனவன். அவள் கேட்டு முடிப்பதற்குள் நெஞ்சை நிமிர்த்தினான்.

“நான்தான் எழுதினேன்.”

“என்னன்னு எழுதினே?”

“நீ நிலா மாதிரி இருக்கேன்னு.”

“பியூரெட்டை உடைச்சது யாரு?”

“யாரு?” என்றான் அவன், உண்மையான ஆர்வத்தோடு.

அவனுடைய நினைவு மலர்த் தாளை, ஒன்பது இடத்தில் சிவப்பு மையோடு, அவன் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தாள். அறைக்கு வந்து கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

“விட்டுடுடி. முன்னால வந்து நிக்க அவனுக்குத் தைரியம் இல்ல” என்றாள் அறைத்தோழி.

“எனக்கு இருக்கு.”

“அழறியா?”

“அழறேன். அதுக்காக விட்டுடுவேன்னு யாரு சொன்னா?”

கடைசிப் பரீட்சை முடிந்த மதியம் கல்லூரி வாசலில் பெட்டிகளும் படுக்கைகளும் வந்து நின்றன. வண்டி பிடிக்க ஆட்கள் அலைந்தார்கள். அவள் விடைத்தாளைக் கொடுத்த வேகத்தில் நேராகப் பலகையிடம் போனாள். அவன் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஒரு சீட்டை நீட்டினாள்.

“இதைப் பெருசா எழுது. எல்லாரும் போறதுக்குள்ள.”

அவன் வாங்கிப் படித்தான். ‘மணம் என்று எழுதியவர் வரவும். பிழை மன்னிக்கப்பட்டது.’

“மூணு சுழியா?” என்று கேட்டான்.

“மூணு சுழிதான். அவன் எழுதின மாதிரியே இருக்கட்டும். அப்பத்தான் தெரியும்.”

அவன் முதல் வரியை எழுதினான். வழக்கத்தைவிட மெதுவாக எழுதினான். எழுதிவிட்டுச் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டான்.

“ரெண்டாவது வரி?”

“அதை எழுத மாட்டேன்.”

“ஏன்?”

“தப்பான வரி எதையும் நான் இதுல எழுதினதில்ல.”

அவளுக்குச் சுருக்கென்றது. சீட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். ஒற்று, சுழி, கால், கொம்பு எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. “இதுல என்ன தப்பு?”

“பிழைன்னு ஒண்ணு இருந்தாத்தானே மன்னிக்கறதுக்கு” என்றான் அவன், பலகையைப் பார்த்துக்கொண்டே.

அவள் பையிலிருந்த கடிதத்தை எடுத்தாள். அவ்வளவு நாளில் அது நான்கு மடிப்பிலும் நைந்திருந்தது. என் மணம் உன்னோடுதான். வாசனை இல்லை. மனமும் இல்லை. மணமகன், மணமகள், திருமணம் என்று அப்பாவின் மேசையில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் அழைப்பிதழ்களில் எழுத்துக்கூட்டிப் படித்து வளர்ந்தவள் அவள். அந்த மணம்.

“கல்யாணத்தையா சொன்னே?”

“ஆமா.”

“பன்னெண்டு நாளா தப்பா எழுதறவனையே தேடிட்டிருந்தேன்.”

“நான் ஒரு தப்பும் இல்லாம எழுதினேன். பிழையில்லாம எழுதறவன் நான் ஒருத்தன்தான்னு நீதானே சொன்னே. படிச்ச உடனே தெரிஞ்சிடும்னு நெனச்சேன். தினமும் இங்கேயே நின்னேன். என்னைத் தவிர எல்லாரையும் பிடிச்சு விசாரிச்சே.”

“கையால எழுதியிருக்க வேண்டியதுதானே?”

“என் கையெழுத்து யாருக்குத் தெரியாது?”

அவளுக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, சிரித்தால் நிறுத்த முடியாது என்கிற அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஊரார் பிழையெல்லாம் கண்ட கண், பிழையே இல்லாத ஒரு வரியில் பிழையைக் கண்டுவிட்டது. இதை அப்பாவிடம் எந்த முகத்தோடு சொல்வது?

“மனசைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. எடுத்த எடுப்புல மணமா? யாரைக் கேட்டு முடிவு பண்ணினே?”

“முடிவு பண்ணலையே. உன்னைத்தான் கேட்டேன்.”

அவள் பலகைக்கு அருகே போனாள். அவன் எழுதியிருந்த ‘மணம்’ என்பதில் ஒரு சுழியை ஆள்காட்டி விரலால் அழுத்தித் துடைத்தாள். மூன்று இரண்டாயிற்று. போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பலகையின் பலகையிலேயே ஒற்றுப்பிழை கை வைத்துவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள்.

“இப்போதைக்கு இதுதான். இதுக்கு என் பதில், சம்மதம்” என்றாள். விரலில் ஒட்டிய சுண்ணத்தைத் தட்டிவிட்டுத் தொடர்ந்தாள். “நான் வேலைக்குப் போகணும். நீயும் போகணும். எங்க வீட்டுல நானே சொல்லணும். மூணாவது சுழி அதுக்கப்புறம்தான். அதையும் நான்தான் போடுவேன். நீ போடக் கூடாது.”

“எவ்வளவு நாள் ஆகும்?”

“ஆகற நாள் ஆகும். மூணு வருஷம் வாயைத் திறக்காம இருந்தவன்தானே நீ.”

நான்கு வருடம் ஆயிற்று. அவளுக்கு ஒரு பாடநூல் அலுவலகத்தில் மெய்ப்புப் பார்த்துப் பிழை திருத்தும் வேலை, அவனுக்கு ஒரு மருந்துத் தொழிற்சாலையில் ஆய்வக வேலை. நடுவில் வீட்டில் நடந்த வாக்குவாதத்தைத் தனியாக எழுதலாம். அவளே பேசினாள், அவளே ஜெயித்தாள். அழைப்பிதழை அப்பாவின் அச்சகத்திலேயே அடிக்கக் கொடுத்தார்கள். முதல் மெய்ப்பு வந்ததும் அப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்த இடத்திலேயே அவர் முகம் சிவந்துவிட்டது. மேலே கொட்டை எழுத்தில் ‘திருமன அழைப்பிதழ்’ என்று இருந்தது.

“முப்பத்தஞ்சு வருஷமா இங்க குப்பை கொட்டறேன். என் பொண்ணு பத்திரிகையிலயா இந்தத் தப்பு? எவன் அடிச்சான் இதை?”

“நான்தான்பா அப்படி அடிக்கச் சொன்னேன்” என்று சொல்லி, அவர் கையிலிருந்த பேனாவை அவள் வாங்கிக்கொண்டாள். “அது நான் போட வேண்டிய சுழி.”

அப்பா ஒன்றும் புரியாமல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு இடம் விட்டார். அவள் குனிந்து மூன்றாவது சுழியைப் போட்டாள்.