தவமலர் அன்ரி வீட்டுச் சோபா

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் அந்தச் சோபாவில் படுத்தது நான். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

பல வருடங்கள் வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றிவிடும் வேலை செய்தவள் நான். நாற்பது வயதில்தான் சோஷல் வேர்க்கர் படிப்பைத் தொடங்கினேன். வேலை செய்துகொண்டே படிக்கும் அப்பிரண்டிஸ் என்பதால், கவுன்சிலே, அதாவது இங்குள்ள நகரசபையே, சம்பளமும் தந்து, கிழமையில் ஒரு நாள் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பும். கேட்க நல்லாகத்தான் இருக்கும். மற்ற நாட்களில் வேலை, இரவில் கட்டுரை, இடையில் பிள்ளைகளுக்குச் சமையல். அந்தக் குளிர்காலத்தில் நான் ரயிலில் நின்றபடியே தூங்கப் பழகியிருந்தேன்.

தவமலர் அன்ரியின் வீடு ரெய்னர்ஸ் லேனில், கடைகளுக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய மாடிக் கட்டடத்தில். பாரிசவாதம் வந்து அவருக்கு ஒரு பக்கம் இயங்காது. கட்டிலை முன்னறையிலேயே போட்டிருந்தார்கள். காலையும் மாலையும் ஒரு பராமரிப்புப் பெண் வந்து போவாள். மற்ற நேரமெல்லாம் தனிமை. முதியோர் இல்லத்துக்கு அனுப்புவதுதான் நல்லது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அன்ரி மாட்டேன் என்றார். அவர் தெளிவோடுதான் சொல்கிறாரா என்று பார்த்து எழுதுவது என் வேலை. குழப்பம் என்று நான் எழுதினால், அவர் அந்த வீட்டை விட்டுப் போக வேண்டியதுதான்.

எனக்கு வழிகாட்டும் கிளறிற்றா அக்காவும் வந்திருக்க வேண்டும். அன்று வேறொரு அவசரம்.

"நீ சமாளிப்பாய். போயிட்டு வா," என்றார்.

நான் தனியாகப் பார்க்கப் போன முதல் வீடு அது.

அன்ரி எல்லாவற்றுக்கும் தெளிவாகப் பதில் சொன்னார். என்ன கிழமை, என்ன மருந்து, நெருப்புப் பிடித்தால் எந்தப் பொத்தானை அமத்துவது... ஒன்றும் பிழைக்கவில்லை.

"இரவில தனிய இருக்கப் பயமில்லையா அன்ரி?"

"நான் எங்க தனிய இருக்கிறன்?"

என் பேனா நின்றது. "வேற ஆர் இருக்கினம்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அதைக் கேக்காதையும் பிள்ளை. அவவுக்குப் பிடிக்காது."

திரும்பிப் பார்த்தேன். சமையலறைக் கதவு மட்டும்தான். பாதி திறந்திருந்தது.

"உம்மைப் பாக்கப் பாவமாக் கிடக்கு," என்றார் அன்ரி. "கொஞ்சம் சாயுமன்."

வேண்டாம் என்று சிரித்தேன். சோபாவில் இருந்தபடியே எழுதி முடிக்க நினைத்தேன். ஹீட்டரின் சூடு காலில் ஏறியது. ஒரு நிமிடம்தான் கண்ணை மூடினேன்...

விழித்தபோது ஒரே இருட்டு.

லைட் அணைந்திருந்தது. திரைச்சீலை இழுத்து மூடியிருந்தது. என்மேல் ஒரு போர்வை. கழுத்துவரை இழுத்து, நுனியைப் பாதத்துக்குக் கீழே செருகி... குழந்தைக்குப் போர்த்துவதுபோல.

"அன்ரி... இதை ஆர் போத்தினது?"

"அவதான்."

அன்ரியால் கட்டிலை விட்டு இறங்க முடியாது. அவரைத் தூக்கவே மெஷின் வேண்டும்.

சமையலறையில்... டிக்.

தண்ணீர்க் கேத்தல் கொதித்துத் தானாக நின்ற சத்தம்.

எழுந்து போனேன். யாரும் இல்லை. கேத்தலில் ஆவி பறந்தது. பக்கத்தில் இரண்டு கோப்பைகள். ஒன்று குடித்து முடித்திருந்தது.

எனக்குப் பின்னால், முன்னறையில்...

க்ரீச்ச்...

சோபாவில் யாரோ மெல்லச் சாயும் சத்தம்.

நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

சுவரோடு ஒட்டி நடந்தேன்.

பையை எடுத்தேன்.

"சத்தம் போடாமப் போம் பிள்ளை," என்றது அன்ரியின் குரல். "அவவும் களைச்சுப் போனா."

ரயிலில் ஏறியபோது மாலை ஐந்தரை. பெட்டியில் ஏறியவர்களை எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அப்படியும்... நான் மீண்டும் தூங்கிவிட்டேன். களைப்பு அப்படி.

அந்த இரவு எதை எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். போர்வையைப் பற்றி எழுதினால் அன்ரிக்கு மட்டுமல்ல, எனக்கும் குழப்பம் என்பார்கள். கடைசியில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை எழுதினேன். அவருக்கு எல்லாம் விளங்குகிறது. தன் வீட்டில் இருக்கவே விரும்புகிறார்.

அன்ரி வீட்டிலேயே இருந்தார்.

இரண்டு மாதம் கழித்து, அவருடைய பராமரிப்பைப் பற்றிப் பேச அலுவலகத்தில் ஒரு கூட்டம். பராமரிப்புப் பெண் ராஜியும் வந்திருந்தாள். நான் அவளை அன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். அவளோ என்னைக் கண்டதும் சிரித்தாள்.

"அக்கா, உங்களை எனக்குத் தெரியும்."

"எப்பிடி?"

"நீங்கள் அன்ரியைப் பாக்க வந்த அண்டைக்கு, பின்னேரம் ஆறரைக்கு நான் வேலைக்கு வரேக்க நீங்கள் அன்ரி வீட்டுச் சோபாவில படுத்திருந்தியள். களைச்சுப்போய்க் கிடக்கிறா, குழப்பாதை எண்டு அன்ரி சொன்னா."

"நான் அஞ்சரைக்கே ரயில் ஏறீட்டன், ராஜி. அது வேற ஆரோ."

அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள்.

"இல்லை அக்கா. நீங்கள்தான். கண்ணைத் திறந்துகொண்டுதான் கிடந்தியள். நான் சிரிச்சனான்..."

கதிரையைச் சற்றுப் பின்னால் இழுத்தாள்.

"நீங்கள் கண்ணே இமைக்கேல்லை."